தென்னந்தோப்பில் கல்யாணம், பாதி வேலை நம் கையால்: எங்கே சறுக்கும்?

வேப்பம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இப்போது எனக்கே ஒரு தேவை வந்துவிட்டது. பங்குனி கடைசியில் எனக்குக் கல்யாணம். மண்டபம் எடுக்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில் மாமாவுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. நடுவில் சின்னதாக ஒரு சாளை (தோட்டத்து வீடு), கிணற்றடியில் பெரிய வேப்பமரம், இரண்டு மாமரம். அங்கேதான் தாலி கட்டுவது என்று இரண்டு வீட்டிலும் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். அந்த 'ஒருவழியாக'வுக்குப் பின்னால் நாலு மாதச் சண்டை இருக்கிறது, அதை விடுங்கள்.

250 பேர் வருவார்கள். கையில் ஐந்து லட்சம் இருக்கிறது, நகை துணி தனி. காலை முகூர்த்தம், மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். முந்தின நாள் ரிசப்ஷன், மேடை, சிம்மாசனம், வரிசையில் நின்று கவர் கொடுப்பது எதுவும் கிடையாது.

தீம் என்னவென்றால் 'முழுப்பரீட்சை லீவு'. அவரும் நானும் சின்ன வயதில் ஏப்ரல் மே முழுக்கத் தாத்தா பாட்டி ஊரில் கிடந்தவர்கள், பேச ஆரம்பித்த புதிதில் எங்களுக்குள் ஒத்துப்போன ஒரே விஷயமும் அதுதான். அதனால் பத்திரிகையை ரேங்க் கார்டு மாதிரி அடிக்கிறோம். பம்பரம், பல்லாங்குழி, தாயம், நுங்கு வண்டி எல்லாம் ஒரு பக்கம். தேன்மிட்டாய், கமர்கட், கோலி சோடா வைத்து ஒரு பெட்டிக்கடை. தோரணம், பூ அலங்காரம், பேப்பர் கொடி, பெயர்ப்பலகை எல்லாம் நாங்களும் நண்பர்களும் முந்தின நாள் உட்கார்ந்து செய்வதாகத் திட்டம். சமையலுக்கும் ஆள் வைக்க வேண்டாம், ஆளுக்கு ஒன்று நாங்களே செய்துவிடுகிறோம் என்று சித்திகளும் அத்தைகளும் சொல்கிறார்கள். கேட்க ஆசையாக இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

எதை நாங்களே செய்யலாம், எதைக் காசு கொடுத்து ஆள் வைத்தே ஆக வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். 'வாழ்த்துகள்' மட்டும் போடுகிறவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

அம்மாவின் கவலை வேறு. மண்டபத்துக்கு வழியில்லாமல் தோப்பில் செய்கிறார்கள் என்று ஊர் சொல்லுமாம்.


மாங்கொட்டை:

தங்கச்சி, இரண்டு வருடம் முன்னால் உடுமலைப் பக்கம் இதே கூத்தை நானும் அடித்தேன், ஆகவே கீழே இருப்பது எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

தோரணத்தில் ஆரம்பிக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் பத்து நண்பர்கள் வந்து உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டே தோரணம் கட்டுவார்கள், பக்கத்தில் யாராவது பாட்டுப் பாடுவார்கள் என்றெல்லாம் மனதுக்குள் ஒரு படம் ஓட்டி வைத்திருந்தேன். வந்தது நாலு பேர். அதில் ஒருவருக்கு மட்டும்தான் குருத்தோலையில் கிளி முடியத் தெரியும். மற்ற மூன்று பேரும் வீடியோ பார்த்துப் பார்த்து மடித்ததில் வந்தது கிளியா வெட்டுக்கிளியா என்று கடைசிவரை தெரியவில்லை. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நல்ல காரியத்துக்குக் கட்டுகிற விதம் வேறு, கெட்ட காரியத்துக்குக் கட்டுகிற விதம் வேறு, இது என்ன கண்ணு இப்படி இருக்கிறது என்று பாதியை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு மணப்பெண் நான் தரையில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தேன். மருதாணிக் கையெல்லாம் ஓலைக் கீறல். கல்யாண போட்டோவில் என் கண்ணைப் பார்த்தால் இப்போதும் தெரியும்.

அதனால் நான் இப்போது எல்லோருக்கும் சொல்கிற ஒரே கணக்கு இதுதான்: மூன்று நாளைக்கு முன்னாலேயே முடித்து அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவைக்கிற மாதிரி வேலை எதுவோ அதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பேப்பர் கொடி, பெயர்ப்பலகை, பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை, மிட்டாய் பாட்டிலுக்கு லேபிள், இதெல்லாம் உங்களுடையது. அன்றைக்கே பச்சையாக வந்து அன்றைக்கே கட்ட வேண்டிய ஓலை, பூ, வாழைமரம் எல்லாம் தெரிந்த ஆளுக்கு. முந்தின நாள் பொழுது சாயும்போது உங்கள் கை காலியாக இருக்க வேண்டும். கல்யாணம் நிதானமாக நடப்பதும் நடக்காததும் அதில்தான் இருக்கிறது, தீமில் இல்லை.

பூ என்றதும் எல்லோரும் மல்லிக்குத்தான் போவார்கள். முகூர்த்த நாளில் சத்தியமங்கலம் மல்லி விலையைக் கேட்டால் தலை சுற்றும், அதோடு திறந்த வெளியில் பங்குனி வெயிலில் பத்து மணிக்கெல்லாம் துவண்டுவிடும். தலைக்கும் மாலைக்கும் மட்டும் மல்லி வாங்குங்கள். கட்டித் தொங்கவிடுவதற்குச் செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை போதும், உங்கள் தீமுக்கும் அதுதான் பொருத்தம். வாடாமல்லியை இரண்டு நாள் முன்னாலேயே கோத்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது.

அடுத்தது யாரும் சொல்லாத ஒன்று. தென்னையில் இந்தச் சுருள் வெள்ளை ஈ இருக்கிறதே, 2016-ல் நம் பொள்ளாச்சித் தோப்புகளில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், அது ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரிப் பிசுபிசுப்பாக ஒரு திரவத்தைச் சொட்டிக்கொண்டே இருக்கும். நின்று பார்த்தால் தெரியாது. மாப்பிள்ளை பட்டுச் சட்டையின் தோளில் எண்ணெய் தெறித்த மாதிரி புள்ளி புள்ளியாக வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அப்புறம் பார்த்தால் வெள்ளை வேட்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும். ஒரு வெள்ளை வேட்டியை மரத்தடியில் ராத்திரி விரித்துவிட்டுக் காலையில் போய்ப் பாருங்கள். ஊடுபயிராக வாழையோ பாக்கோ இருந்தால் இலையைப் பார்த்தாலே போதும், கரி பூசின மாதிரி கறுத்திருந்தால் அந்தப் பக்கம் சேர் போடவே போடாதீர்கள்.

கழிவறை. சாளையில் ஒன்று இருக்குமே, அது போதும் என்று மாமா சொல்வார். எங்கள் மாமாவும் சொன்னார். நாலு பேர் குடும்பத்துக்குக் கட்டின தொட்டி, காலை பத்தரைக்கு நிரம்பி மேலே வந்துவிட்டது. சக்கரம் வைத்த நடமாடும் கழிவறை பொள்ளாச்சியிலும் கோவையிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. பெண்களுக்கு நாலு, ஆண்களுக்கு இரண்டு, அதற்கென்று தனியாக ஒரு லாரித் தண்ணீர். உள்ளே பட்டுப்புடவையைத் தொங்கவிட ஒரு கொக்கி, முட்டி மடங்காதவர்களுக்கு ஒன்றாவது உட்காருகிற மாதிரியானது. வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

ரேங்க் கார்டு பத்திரிகை அருமை. ஆனால் குறைந்தது ஐம்பதை மஞ்சள் தடவின வழக்கமான பத்திரிகையாக அடியுங்கள், பெரியவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அபராதக் கட்டணத்தோடு 150 நாள் வரை இழுக்கலாம். பதியும்போது பத்திரிகை கேட்பார்கள். 'கணக்கு 97, நன்னடத்தை சுமார்' என்று போட்ட அட்டையை நீட்டினால் அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவர் சிரிப்பாரா என்று தெரியாது. மண்டப ரசீதும் உங்களிடம் இருக்காது, ஆகவே இப்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரையாவது அனுப்பி என்னென்ன வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


வேப்பம்பூ:

அக்கா, வெட்டுக்கிளியைப் படித்துச் சிரித்தேன், தொட்டி நிரம்பினதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவிடம் கேட்டேன், நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார்: "அதான் உள்ளே ஒண்ணு இருக்குதல்ல." வெள்ளை ஈ பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் மேலே அண்ணாந்து பார்த்தார்.


பழைய பந்தல்:

அம்மணி, எங்கப்பா காலத்திலிருந்து பந்தல் தொழில். தோப்புக் கல்யாணம் இப்போது மாதம் ஒன்றாவது வருகிறது. எல்லோரும் அலங்காரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், தரையைப் பற்றியும் தலைக்கு மேலே இருப்பதைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை.

முதலில் காய் போடுங்கள், அதாவது தேங்காயைப் பறித்து இறக்கிவிடுங்கள். எப்படியும் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை போடுவீர்கள், அந்த முறையைக் கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்னால் வருகிற மாதிரி மாமாவை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஆட்கள் உட்காரும் இடத்திலும் வண்டி நிற்கும் இடத்திலும் முற்றின காய் மட்டும் போதாது, இளநீரையும் இறக்கிவிடுங்கள் (அதையே வந்தவர்களுக்கு வெட்டிக் கொடுக்கலாம்). காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் சேர்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மட்டை விழுந்தாலும் மண்டை உடையும். ஒரு கல்யாணத்தில் இதைச் சொல்லியும் கேட்காமல், புதுக் காரின் முன்கண்ணாடி போனது, நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. அதோடு அந்த வேப்பமரத்திலோ பக்கத்திலோ மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஓமப் புகை மேலே போனால் அது கீழே வரும்.

பத்து நாளைக்கு முன்னாலேயே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கனமான ஆள் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் சேரின் பின்னங்கால் இரண்டும் மண்ணில் இறங்கி அப்படியே மல்லாந்துவிடுவார். மரத்தைச் சுற்றின வட்டப்பாத்தி, சொட்டுநீர்க் குழாய் இரண்டும் புடவை கட்டினவர்களைத் தடுக்கிவிடும். நடக்கிற பாதையில் குழாயைக் கழற்றிச் சுருட்டிவிடுங்கள்.

நிழல் இருக்கிறது, பந்தல் எதற்கு என்று கேட்பீர்கள். தென்னை நிழல் ஓடுகிற நிழல். எட்டு மணிக்கு நிழலில் போட்ட சேர் ஒன்பது மணிக்கு வெயிலில் இருக்கும், பதினொன்றுக்கு உச்சி வெயில் ஓலைக்கு நடுவே நேராக இறங்கும். ஒரு நாள் காலையில் போய் ஏழிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். மணமக்கள் கிழக்குப் பார்த்து உட்காருவார்கள், வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறதா என்பதும் அப்போது தெரியும். மணவறைக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் மட்டுமாவது மேலே துணி வேண்டும்.

கீற்றுப் பந்தல் தீமுக்கு அழகாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். நானே கீற்று வேய்ந்து வளர்ந்தவன், இருந்தும் சொல்கிறேன், விளக்கு வயர் ஓடுகிற இடத்தில் வேண்டாம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீ பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் போனார்கள். அதற்கப்புறம் எங்கப்பா கீற்றுக்குக் கீழே விளக்கு கட்டவே மாட்டார். ஆசைக்கு வாசலில், வயர் இல்லாத இடத்தில் நாலு கீற்று சாத்திக்கொள்ளுங்கள்.

மின்சாரம்தான் ரொம்ப முக்கியம். தோப்பில் இருப்பது விவசாய இணைப்பு, இலவச மின்சாரம். அதிலிருந்து கல்யாணத்துக்கு விளக்கும் ஸ்பீக்கரும் போட்டால் விதிமீறல், மாமாவுக்கு அபராதம் வரும், இணைப்புக்கும் வில்லங்கம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டர் எடுங்கள். உங்கள் அளவுக்கு 25 கேவிஏ தாராளம். பகல் கல்யாணம் என்பதால் மின்விசிறி, ஸ்பீக்கர், கிணற்றடி மோட்டார், சமையல்கட்டு, அவ்வளவுதான் சுமை. ஜெனரேட்டரைக் காற்று போகிற பக்கம் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மந்திரமும் கேட்காது, டீசல் புகையும் பந்திக்கு வரும்.

ஸ்பீக்கருக்குப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் போடக்கூடாது, 2000-ல் வந்த விதி. விடிகாலை நாலரைக்கே பக்திப் பாட்டுப் போட்டு ஊரை எழுப்புகிற மாமா யாராவது இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

பங்குனி கடைசி என்பதால் பெரிய காற்று இல்லை, நம் பக்கம் காற்று ஆனி ஆடிக்குத்தான். ஆனால் மூன்று மணிக்கு மேல் கோடை மழை இடியோடு வரலாம். வருகிறபோது காற்று முன்னால் வரும், மழை பின்னால் வரும், துணிப் பந்தலைத் தூக்குவது அந்தக் காற்றுதான். இடி இடிக்கும்போது தென்னைக்குக் கீழே ஆள் நிற்கவே கூடாது. ஒன்றரைக்கெல்லாம் கடைசிப் பந்தி எழுந்துவிடுகிற மாதிரி முகூர்த்தம் பாருங்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். எங்கப்பா போட்ட முதல் பந்தல் எல்லாம் வீட்டு வாசலுக்குத்தான், மண்டபத்துக்கு இல்லை. நம் பக்கத்துச் சீர் எல்லாம் வாசலும் பந்தலும் இருக்கிற இடத்துக்காக ஏற்பட்டது. முகூர்த்தக்காலை மண்ணில் நட வேண்டும். மண்டபத்தில் டைல்ஸ் மேலே சிமெண்ட் டப்பாவில் நட்டு வைக்கிறார்கள், அதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.


கோடாலி:

எல்லோரும் ஆசை காட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் கரித்துக் கொட்டுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போன வருடம் இப்படி ஒரு தோட்டக் கல்யாணத்துக்குப் போனேன். மேப்பைப் பார்த்துப் போனதில் வாய்க்கால் கரையில் கொண்டுபோய் விட்டது, எதிரே ஒரு டிராக்டர், திருப்ப இடமில்லை. வண்டியை நிறுத்தின இடத்திலிருந்து பந்தலுக்கு அரைக் கிலோமீட்டர், உழுத மண். கூட வந்த என் அம்மாவுக்கு 78 வயது. சக்கர நாற்காலி பத்தடிக்கு மேல் நகரவில்லை. கடைசியில் நாலு பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது, அது சந்தோஷ அழுகை இல்லை. அங்கே பம்பரம் சுற்றுவதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள், கிழவிகள் உட்கார இடம் ஒதுக்கவில்லை.

உங்கள் ஊர் லீவில் பாட்டி தாத்தா இருந்தார்கள்தானே. அவர்கள் எப்படி வருவார்கள் என்று முதலில் யோசியுங்கள், முடியாது என்றால் மண்டபமே எடுத்துவிடுங்கள்.


மாங்கொட்டை:

கோடாலி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் கல்யாணத்தில் இதை ஓரளவு சமாளித்தோம், பந்தல் வரைக்கும் ஒரு ஆட்டோ போய்வருகிற மாதிரி பாதையை மண் கொட்டி அடித்து வைத்திருந்தோம். இரண்டு ஆட்டோ நாள் வாடகைக்கு, பெரியவர்களை இறக்கிவிடவே. வேப்பமரத்தடியில் நாலு கயிற்றுக் கட்டில் போட்டு மேலே பவானி ஜமக்காளம் விரித்துவிட்டோம். பாட்டிமார்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு மொத்தக் கல்யாணத்தையும் அங்கிருந்தே நடத்தினார்கள். வழிக்குத் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பையனை நிறுத்துங்கள், மேப்பை நம்ப வேண்டாம்.


சந்தகைப் பலகை:

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசாததால் நான்.

சித்தி அத்தை சமையல் கூடவே கூடாது. அவர்கள் கைப்பக்குவம் மேல் சந்தேகம் இல்லை. ஒருவர் வீட்டில் காலை ஐந்துக்கு இறக்கின சாம்பார், இன்னொருவர் நாலரைக்கே அரைத்த தேங்காய்ச் சட்னி, இவை ஆளுக்கொரு காரில் வந்து பதினொரு மணி வெயிலில் இறங்கினால் என்ன ஆகும்? சட்னி காரிலேயே புளித்திருக்கும். அதைவிடப் பெரிய சங்கடம், யார் கொண்டுவந்தது மிச்சமானது என்பது. பத்து வருடத்துக்குப் பேசுவார்கள்.

சமையல்காரரைக் கூலிக்குப் பேசுங்கள், இலைக்கு இவ்வளவு என்ற கான்ட்ராக்ட் வேண்டாம். அவர் லிஸ்ட் கொடுப்பார், சாமானை நீங்கள் வாங்கிப் போடலாம், தேங்காய்க்குத்தான் பஞ்சமே இல்லையே. நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்பது எங்கள் சமையல்காரர் கணக்கு, காலைப் பலகாரத்தை நன்றாகச் சாப்பிட்டவர்கள் என்றால் அதிலும் மிஞ்சும். பேசும்போதே பாத்திர வாடகை, விறகா கேஸா, பரிமாறுகிற ஆள், இலை எடுக்கிற ஆள் எல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த நாலில்தான் கடைசி நேரத்தில் காசு ஒழுகும்.

சித்திகளைச் சும்மா விடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். கெடாததைக் கொடுங்கள்: முறுக்கு, எள்ளுருண்டை, தட்டுவடை, கச்சாயம் என்கிற வெல்லப் பலகாரம். நாலு நாள் முன்னாலேயே சுட்டுத் தூக்குவாளியில் போட்டு, பெட்டிக்கடையில் 'இன்னார் அத்தை கடை' என்று சீட்டு ஒட்டி வையுங்கள். லீவுக்குப் போனால் பாட்டி வீட்டில் அதைத்தானே தின்றோம்.

காலையில் இட்லி பொங்கலோடு சந்தகை (நம் பக்கத்து இடியாப்பம்) பிழியச் சொல்லுங்கள். பலகையைப் பந்திக்குப் பக்கத்திலேயே வைத்து இரண்டு பேர் அழுத்த, சூடாக இலையில் விழ, மேலே தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். குழந்தைகள் பலகையில் தொங்கிக்கொண்டு அழுத்த வரும், விடுங்கள். ஜவ்வு மிட்டாய்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து நாள் கூலிக்கு வரச் சொல்லுங்கள், பொம்மை கை தட்டுகிற மூங்கில் கம்போடு. பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் மணிக்கட்டை நீட்டி மிட்டாயில் வாட்ச் கட்டிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து அதை நக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நுங்கை முன்னால் வெட்டி வைக்காதீர்கள், வழுவழுத்துவிடும். குலையாக இறக்கி, ஒரு ஆளை அரிவாளோடு உட்கார வைத்து அப்போதைக்கப்போது சீவச் சொல்லுங்கள். வண்டி செய்ய மூடியும் அப்படியே கிடைக்கும். பதநீர் வேண்டாம். காலையில் பதநீராக வந்தது மதியத்துக்குள் வேறாகிவிடும், கல்யாண வீட்டில் அது வேறு பஞ்சாயத்து.

வெளியில் இலை பறக்கும். போட்ட உடனே தண்ணீர் தெளித்து உப்பும் இனிப்பும் வைத்துவிட்டால் நிற்கும். குடிக்கப் பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீர், எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் உறிஞ்சுகுழலும் 2019-லிருந்தே தடை, தோப்பில் போட்டால் மாமா ஒரு வருடம் பொறுக்குவார். கடைசியாக, எச்சில் இலையை மாட்டுக்குப் போடும்போது சோற்றை வழித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். சோறு மொத்தமாக உள்ளே போனால் வயிறு உப்பி மாடு செத்தே போகும். கல்யாணத்துக்கு மறுநாள் டாக்டரைத் தேடி ஓடின வீடு எனக்குத் தெரியும்.


வேப்பம்பூ:

மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். முடிவானதைச் சொல்லிவிடுகிறேன்.

சமையல் கூலிக்குப் பேசியாயிற்று, பாத்திரம் அவருடையது, விறகு தோப்பிலேயே இருக்கிறது. கழிவறை ஆறுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மாமா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்தோம், எதற்கும் ஒரு ஜெனரேட்டரும். தோரணத்துக்கு ஊரிலேயே ஒரு தாத்தா ஒத்துக்கொண்டார், கூலி வேண்டாம், மதியம் இலையில் இரண்டு கச்சாயம் கூட வைத்தால் போதும் என்றார். என் பங்குக்கு மிஞ்சினது பேப்பர் கொடியும் பலகையும் பெட்டிக்கடையும்தான். கொடி முந்நூறு அடி தைத்து அட்டைப்பெட்டியில் இருக்கிறது. முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா. மாங்கொட்டை அக்காவின் கண்ணை நினைத்துக்கொண்டேன்.

கோடாலி அண்ணா, ஆட்டோ இரண்டு பேசியாயிற்று, கட்டில் ஆறு. உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்துக் காட்டினதும் எங்கள் அம்மா மண்டபப் பேச்சை விட்டுவிட்டு, கட்டிலுக்குக் கயிறு மாற்றுகிற ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டார். பந்தல் அண்ணா சொன்ன டைல்ஸ் விஷயத்தை இப்போது வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் தான் கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேட்டி விரித்துப் பார்த்தோம். மணவறை போடலாம் என்று நினைத்திருந்த மேற்குப் பக்கத்துத் தென்னைகளுக்குக் கீழே ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று. காலையில் போனால் தென்னைக்குக் கீழே இருந்த வேட்டி எண்ணெய்க் கடைத் துணி மாதிரி புள்ளி புள்ளியாகப் பிசுக்கு, எறும்பு வேறு வரிசையாக வந்துகொண்டிருந்தது. மாமா அப்போதும் ஒன்றும் சொல்லாமல் மேலேதான் பார்த்தார். வேப்பமரத்து வேட்டியில் பிசுக்கு இல்லை, ஆனால் பூ உதிர்ந்து வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. அதனால் மணவறை வேம்புக்குக் கீழே வருகிறது. தலையில் பூ கொட்டுமே, மேலே துணி கட்டிவிடலாமா என்று அம்மா கேட்டார். மணவறைக்கு வேண்டாம், பந்திக்கு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

பாட்டி இதில் எதுவும் கலந்துகொள்ளவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வேட்டியின் நாலு முனையையும் சேர்த்து முடிந்து, ரசத்துக்கு ஆகும் என்று பூவை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.